ஆட்டுக்கிடை போட்ட மூலை

மதுரை வேளாண்மைக் கல்லூரியில் மண்ணியல் மற்றும் வேளாண் வேதியியல் துறையில் முதுநிலைப் பட்டத்துக்குப் படித்தபோது, திருமங்கலத்துக்குத் தெற்கே உள்ள மானாவாரிக் கரிசல் காடுகளை, அதாவது மழையை நம்பிய கருமண் விளைநிலங்களை, என் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டேன். மண்ணியல் படிப்பு என்றதும் பலர் ஆய்வகத்தையே நினைக்கிறார்கள். என் படிப்பில் பாதி சித்திரை வெயிலில்தான் நடந்தது.

செம்மண்ணில் மாதிரி எடுத்துப் பழகிய கைக்குக் கரிசல் எளிதில் வசப்படாது. கோடையில் பாதம் இறங்கும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்துவிட்டாலோ மண்வெட்டியை விட்டுப் பிரியாது. தண்ணீரைக் குடித்து உப்பி, காய்ந்ததும் சுருங்கும் மாண்ட்மோரில்லோனைட் வகைக் களிமண்ணின் குணம் அது. 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக மண்ணைச் செதுக்கி எடுத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து எண்ணிட்டு வைத்தேன்.

மட்கிய இலைதழை, சாணம் போன்றவற்றால் மண்ணில் சேரும் அங்ககக் கார்பனை 1934இல் வெளிவந்த வாக்லி–பிளாக் முறையில் கணக்கிட்டேன். ஒரு கிராம் மண்ணில் பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்த்து, அரை மணி நேரம் வைத்திருந்து, மீதமிருக்கும் டைகுரோமேட்டை டைட்ரேஷனில், அதாவது இன்னொரு கரைசலை நிறம் மாறும்வரை துளித்துளியாக விட்டு, அளக்க வேண்டும். அந்தக் கரைசல் குறைவாகச் செலவானால் மண்ணில் கார்பன் அதிகம் என்று பொருள். கருநீலம் ஒரே துளியில் பச்சையாக மாறும் அந்தக் கணத்தைத் தவறவிட்டால் மீண்டும் முதலிலிருந்துதான். ஒரு காட்டின் மாதிரிகளைச் சோதித்தபோது மண் சேர்க்காத குடுவைக்கு 20 மி.லி. கரைசல் செலவானது, அந்தக் காட்டு மாதிரிகள் எல்லாம் 18ஐ ஒட்டியே நின்றன, அதாவது 0.4 விழுக்காடு கார்பன். 17ஆம் எண் மட்டும் 15.4 மி.லி.யிலேயே பச்சையாகிவிட்டது. கணக்குப் போட்டால் 0.9 விழுக்காடு. மானாவாரிக் கரிசலில் இவ்வளவா என்று மூன்று முறை செய்து பார்த்தேன், அதே விடை. பிழை என்று ஒதுக்கிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்படிச் செய்திருந்தால் அது பெருந்தவறாகியிருக்கும்.

வழிகாட்டிப் பேராசிரியர், "காட்டுக்காரரைக் கேட்டாயா?" என்று மட்டும் கேட்டார். மறுநாளே பேருந்து ஏறினேன். எழுபது வயதைத் தாண்டிய அந்தப் பெரியவர் வடகிழக்கு மூலையைக் காட்டி, "அங்கன ரெண்டு வருசமா ஆட்டுக்கிடை போட்டேன், தாயி. நீ கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேனே" என்றார். 17ஆம் எண் மாதிரி அந்த மூலையில் எடுத்தது; இரவில் அங்கே அடைத்த ஆடுகளின் புழுக்கைதான் கார்பனைக் கூட்டியிருந்தது. வருத்தப்பட்டு அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. கிடை, குப்பை, கரம்பை எனும் குளத்து வண்டல், சென்ற ஆண்டு விதைத்தது என ஒவ்வொரு காட்டின் வரலாற்றையும் கேட்டு எழுதுவதற்காக, மாதிரி எடுத்த எல்லா ஊர்களுக்கும் மறுபடி போய்வந்தேன். அதற்கே ஒரு மாதம் ஆனது. இப்போது இந்தப் படிப்பில் சேர்ந்திருப்பவர்கள் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

விடைபெறும்போது பெரியவர், "அப்ப அந்த மூலைக்கு யூரியாவைக் கொறைச்சுக்கிடலாமா தாயி?" என்று கேட்டார். குறைக்கலாம் ஐயா என்று சொல்லி, எவ்வளவு என்பதை அவருடைய வரப்பிலேயே உட்கார்ந்து கணக்கிட்டுக் கொடுத்தேன்.