அதிர்வு வேறு, உதறல் வேறு

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓடும் வண்டி சில நொடி உதறிவிட்டு நிற்பதை ஆங்கிலத்தில் ‘ஷடர்’ (shudder) என்பார்கள். அதற்குத் தமிழில் ‘அதிர்வு’ போதும் என்று சென்ற வாரம் இருவர் எழுதியிருந்தீர்கள். அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினாலென்ன என்றும் ஒருவர் கேட்டார். ‘ஷட்டர்’ என்று யாராவது எழுதிவிட்டால் கடைக் கதவைத்தான் நினைப்பார்கள், அதை விட்டுவிடுவோம். ஆனால் ‘அதிர்வு’ ஏன் போதாது என்பதை என் மச்சானின் பிக்கப்பை வைத்தே சொல்கிறேன்.

பழைய டீசல் வண்டி, ஆட்டோ கியர், ஏர்கான் சர்வீஸ் வேலைக்கு ஓடுவது. இங்கே சிங்கப்பூரில் 10 வயது தாண்டிவிட்டதால் 6 மாதத்துக்கு ஒருமுறை வாகனச் சோதனைக்குப் போகிறது. ஓட்டும் தம்பி புதுக்கோட்டைக்காரர். காலையில் வண்டியை எடுக்கும் முன் அவர் நிரப்பும் படிவத்தைத் தமிழாக்கியது நான்தான். ‘அதிர்வு உள்ளதா?’ என்ற கேள்விக்கு இரண்டு மாதமாக ‘இல்லை’ என்றே போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். “டீசல் வண்டின்னா அதிரத்தானே செய்யும் அண்ணே. இது அதிரல, உதறுது” என்றார்.

அன்று மாலை கேஜேஇ எனும் கிராஞ்சி விரைவுச்சாலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வேகம் 60ஐத் தாண்டி, ஆக்சிலரேட்டரில் கால் லேசாகப் படிந்திருக்கும்போது சீட்டுக்கு அடியில் தொடங்கியது. வரிவரியாய் மேடு போட்ட சாலையில் ஏறியதுபோல மூன்று நான்கு நொடி, அப்புறம் ஒன்றுமே இல்லை. ஸ்டியரிங் அசையவில்லை. எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் மட்டும் மேலும் கீழும் துள்ளியது. பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து பிரேக் பெடலை மெல்லத் தொடச் சொன்னேன். வேகம் குறையுமுன்பே உதறல் விட்டுவிட்டது.

இந்த ஒரு சோதனையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆட்டோ கியர் வண்டியில் எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு கிளட்ச் உண்டு. வேகம் நிலையானதும் அது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பூட்டிவிடும், பிரேக்கைத் தொட்டால் பூட்டு திறந்துவிடும். கியர் ஆயில் கெட்டுப்போனால் கிளட்ச் சீராக வழுக்கவும் செய்யாது, முழுதாய்ப் பிடிக்கவும் செய்யாது. பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு... அதுதான் உதறல். பட்டறையில் ஆயிலைப் பிடித்துப் பார்த்தோம். புதிதில் சிவப்பாய் இருக்க வேண்டியது கறுத்துக் கருகல் வாடை அடித்தது. ஒரு தடவை வடித்தால் பழைய ஆயில் முழுதும் வெளியே வராது என்பதால் சில நாள் இடைவெளி விட்டு இருமுறை மாற்றினார்கள். இப்போது உதறல் இல்லை.

எல்லாவற்றையும் ‘அதிர்வு’ என்று எழுதினால் இந்த வேறுபாடு படிவத்திலேயே தொலைந்துபோகிறது. 70 கிலோமீட்டர் வேகத்தில் பிக்கப்பின் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 9 முறை சுற்றும். பேலன்ஸ் கெட்ட முன்சக்கரத்தை ஸ்டியரிங்கில் கை தனித்தனி ஆட்டமாகவே உணரும். ‘வீல் ஆடுது’ என்று ஓட்டுநர்கள் சொல்வது அதைத்தான். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் அதைப்போல் 4 மடங்கு வேகத்தில் சுற்றக்கூடியது. அதன் மடங்கும் மூட்டான யு ஜாயிண்ட் தேய்ந்தால் எண்ண முடியாத ஒரு ரீங்காரம் தரைத்தகட்டில் ஏறும். இதற்கு ‘அதிர்வு’ பொருத்தம். ஆட்டமும் அதிர்வும் அந்த வேகம் இருக்கும்வரை இருக்கும். உதறல் அப்படியல்ல. குளிர்க்காய்ச்சலில் உதறல் எடுக்கும், போர்த்தினால் விடும். வந்து போவது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

‘நடுக்கம்’ என்று எழுதிய நண்பருக்கு: நல்ல சொல்தான், ஆனால் நிலநடுக்கம் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. ‘குலுக்கல்’ என்றால் பரிசுச்சீட்டு நினைவுக்கு வருகிறது. ‘அதிர்வுத்துடிப்பு’ என்று கட்டிச் சேர்த்ததை வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் வாயால் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே என் பரிந்துரை உதறல். கன்வெர்ட்டர் கிளட்சால் வருவதற்குப் ‘பூட்டு உதறல்’, பிரேக் அழுத்தும்போது மட்டும் வருவதற்குப் ‘பிரேக் உதறல்’. இரண்டு துண்டாக உள்ள ஷாஃப்டின் நடு பேரிங் தளர்ந்தால், சுமையோடு வண்டி நகரத் தொடங்கும்போதும் ஒரு உதறல் வரும். அதற்குக் ‘கிளம்பல் உதறல்’ என்று எழுதிப் பார்த்தேன், காதுக்கு ஒட்டவில்லை. ‘எடுப்பு உதறல்’ என்றால் வண்டியை எடுப்பது என்ற பேச்சுவழக்கோடு சேரும், ஆனால் ‘உதறல் எடுக்குது’ என்பதோடு மோதுகிறது. இந்த ஒன்றுக்கு உங்களிடம் சொல் இருந்தால் எழுதுங்கள். படிவத்தைத் திருத்தி அடுத்த திங்கள் அச்சுக்குக் கொடுக்கிறேன்.