வில் சீசனில் கிராஸ்போவுக்கும் இடமா? விஸ்கான்சின்காரர்கள் சொல்லுங்கள்

பராபூ குமரன்:

வணக்கம். விஸ்கான்சினில் சாக் கவுண்டியில் இருக்கிறேன். பக்கத்துப் பண்ணைக்காரர் எனக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவருடைய சோள வயலை ஒட்டிய ஓக் தோப்பில்தான் மான் வேட்டைக்கான என் பரண், கையில் இருப்பது காம்பவுண்ட் வில், அதாவது நுனிகளில் கப்பி மாட்டிய வில்.

ஏப்ரலில் கன்சர்வேஷன் காங்கிரஸின் (வேட்டை, மீன்பிடி விதிகளில் மக்கள் கருத்தைத் திரட்டும் மாநில அமைப்பு) வசந்தகாலக் கூட்டம் வருகிறது. மாநிலத்தின் 72 கவுண்டிகளிலும் நடப்பது, யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். கிராஸ்போ (நாணை ஏற்றி வைத்து, விசையை அழுத்தி அம்பு விடும் வில்) நாட்களைக் குறைக்க வேண்டும் என்று எங்கள் கிளப்பில் பலர் சொல்கிறார்கள். எதிர்த்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். போன வாரம் பேச்சு முற்றி, இருவர் பாதியிலேயே எழுந்து போனார்கள்.

வெளிமாநில நண்பர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 2014-க்கு முன்பு இங்கே 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் அனுமதி பெற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டுமே கிராஸ்போ. 2014-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். லைசென்ஸ் தனி, ஆனால் நாட்கள் வில் சீசனுடையவைதான்: செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை. ஒன்றை வாங்கியவர் 3 டாலர் கூடக் கட்டினால் மற்றதும் கிடைத்துவிடும். சில வருடங்களிலேயே கிராஸ்போவுக்கு விழும் மான்கள், மற்ற வில்களுக்கு விழுவதைவிட அதிகமாகிவிட்டன.

எனக்கு உறுத்துவது நாண் இழுக்கும் அந்த ஒரு கணம். மான் 20 கெஜத்தில் நிற்கிறது, காது இரண்டும் நம் பக்கம். அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் போகும்வரை மூச்சைப் பிடித்திருந்து, அப்போதுதான் இழுக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் வெள்ளை வால் தூக்கிப் பறந்துவிடும். கிராஸ்போவில் விடியும் முன்பே நாண் ஏற்றி வைத்தாகிவிட்டது. கட்டையைத் தோளில் வைத்து, ஸ்கோப்பில் பார்த்து, விசையை அழுத்தினால் போதும்.

துப்பாக்கிக்காரர்களுக்குப் பெரிய சீசன் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி வெறும் 9 நாள். வில்லுக்கு மாதக்கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். நவம்பர் முதல் பாதியில் கொம்பு மான்கள் இணை தேடிப் பட்டப்பகலில் அலையும் நாட்களும் அதற்குள்ளேயே வருகின்றன. வில்லால் மான் எடுப்பது கடினம், அதனால்தானே இந்தச் சலுகை?

இணைசேரும் அந்த வாரங்களிலாவது கிராஸ்போவை நிறுத்தச் சொல்லி வாக்களிக்கலாம் என்று இருக்கிறேன். நியாயமா? கிராஸ்போ வைத்திருப்பவர்களும் தயங்காமல் சொல்லுங்கள்.

டோலிடோ ராஜன்:

தம்பி குமரன், ஒஹாயோவிலிருந்து ஒரு கிழவனின் கருத்து.

எங்கள் மாநிலத்தில் 1976-லிருந்தே கிராஸ்போ உண்டு. கடைச் சுவரில் நீளவில், காம்பவுண்ட், கிராஸ்போ எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், யாரும் யாரையும் முறைப்பதில்லை. மான் ஒழிந்துபோகும் என்ற பயம் இங்கே பலிக்கவும் இல்லை. பென்சில்வேனியா 2009-இல் கிராஸ்போவை வில் சீசனுக்குள் சேர்த்தபோதும் இதே பயத்தைத்தான் சொன்னார்கள்.

அப்புறம், உங்கள் காம்பவுண்ட் வில்லுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. மிசௌரிக்காரர் ஹாலிஸ் வில்பர் ஆலன் 1966-இல் அதற்குக் காப்புரிமை கேட்டார், 1969-இல் கிடைத்தது. கப்பி மாட்டிய கருவிக்கு வில் சீசனில் இடமில்லை என்று எழுபதுகளில் எவ்வளவு சண்டை! நீங்கள் 60 பவுண்டு பலம் கொடுத்து இழுக்க வேண்டிய வில்லை முழுவதும் இழுத்துவிட்டால், கப்பி 80 சதவீதச் சுமையைத் தளர்த்திவிடும், விரல் தாங்குவது 12 பவுண்டுதான். விரல்கூட இல்லை, மணிக்கட்டில் கட்டி நாணைப் பிடித்து விடுவிக்கும் ரிலீஸ் கருவி. அன்றைக்கு அந்தச் சண்டையில் மறுபக்கம் ஜெயித்திருந்தால் உங்கள் வில்லே பரண் ஏறியிருக்காது.

கிராஸ்போ துப்பாக்கி மாதிரி என்பதும் சரியில்லை. 150, 200 பவுண்டு என்று போட்டிருப்பதைப் பார்த்து மலைக்காதீர்கள். நாண் ஓடும் தூரம் மிகக் குறைவு, அம்பும் குட்டை. நொடிக்கு 400 அடி வேகம் என்றாலும் ஒலியின் வேகம் ஏறக்குறைய 1,100 அடி. அம்பு போய்ச் சேரும் முன்பே சத்தம் கேட்டு மான் குனிந்துவிடும். 40 கெஜத்துக்கு மேல் விடுகிறவனை நான் வேட்டைக்காரன் என்றே ஏற்கமாட்டேன், எந்த வில்லாக இருந்தாலும் சரி. ஒரு முறை தவறினால் மறுபடி நாண் ஏற்றுவதற்குள் மான் அடுத்த பண்ணையில் இருக்கும்.

லா கிராஸ் மீனா:

குமரன், நான் கிராஸ்போக்காரி. என் வலது தோளில் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். கோப்பையை மேல்தட்டில் வைக்கலாம், துணி காயப் போடலாம், 40 பவுண்டு வில்லை இழுக்க முடியாது. பழைய சட்டம் என்றால் மருத்துவரிடம் படிவம் வாங்கி, நான் மாற்றுத்திறனாளிதான் என்று ஓர் அலுவலகத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கும். 2014-க்குப் பிறகு அப்படி யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. கடையில் லைசென்ஸ் வாங்கினேன், காட்டுக்குப் போனேன். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

கிராஸ்போ சுலபம் என்று நீங்கள் சொல்வதை மறுக்கமாட்டேன். இரண்டு மூன்று மாலை பயிற்சி செய்தால் 30 கெஜத்தில் அம்புகள் ஒன்றை ஒன்று தொடும். ராஜன் ஐயா, அந்த இடத்தில் குமரன் பக்கம்தான் நான். ஆனால் சுலபம் என்பதைக் குற்றமாக ஏன் பார்க்க வேண்டும்? புண்பட்டு ஓடும் மான்கள் குறைந்தால் நல்லதுதானே? பெண்களும் வயதானவர்களும் இன்னும் சில வருடம் காட்டில் இருக்க முடிகிறது. வேட்டைக்காரர்கள் கிழமாகிக் குறைந்துகொண்டே வருகிறார்கள், லைசென்ஸ் பணமும், வில் சாமான்கள் மேல் விழும் 11 சதவீத மத்திய வரியும்தான் காட்டு வேலைகளுக்குப் போகிறது.

புதிதாக வாங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: இடது கட்டை விரலை நாண் ஓடும் தடத்துக்கு மேலே ஒருபோதும் நீட்டாதீர்கள். நாண் விரலை எடுத்துவிடும். நாண் ஏற்றிய கிராஸ்போவோடு பரணில் ஏறவும் கூடாது, கீழே அம்பில்லாமல் வைத்து, கயிற்றில் கட்டி மேலே தூக்குங்கள்.

ஆஷ்லண்ட் கதிர்:

நான் மாநிலத்தின் வட கோடியில், சுப்பீரியர் ஏரிப் பக்கம். ரிகர்வ் வில் (கப்பியில்லாத, நுனி வளைந்த வில்), 45 பவுண்டு, குறிபார்க்கும் சைட் கிடையாது. மான் 18 கெஜத்துக்குள் வந்தால்தான் விடுவேன்.

நீங்கள் மூவரும் வில்லைப் பற்றியே பேசுகிறீர்கள். நிலத்தைப் பாருங்கள். சாக் கவுண்டியில் சோளமும் சோயாவும் தின்று மான் பெருகிக் கிடக்கிறது. மேடிசனுக்கு மேற்கே மான்களுக்குள் சிடபிள்யூடி (மானின் மூளையை அரித்துக் கொல்லும் தொற்று) நோய் இருப்பது 2002-இல் தெரியவந்தது. இன்னும் அது பரவிக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே மான் குறைய வேண்டும் என்று மாநில இயற்கை வளத் துறையே கேட்கிறது. அந்த இடத்தில் கிராஸ்போவை நிறுத்தி யாருக்கு என்ன லாபம்?

எங்கள் வடகாடு வேறு. பனி இடுப்பளவு நிற்கும் வருடத்தில் குட்டிகள் வசந்தத்தைப் பார்ப்பதில்லை. மிச்சத்தில் ஓநாய்க்கும் ஒரு பங்கு. வயல் கிடையாது, ஒரு சதுர மைலுக்குச் சில மான்கள்தான். இங்கே வெற்றி விகிதம் கொஞ்சம் கூடினாலும் வயதான கொம்பு மான் காணாமல் போய்விடும். இரண்டு லைசென்ஸும் வைத்திருந்தாலும் வில் வகைக்கு ஒரு கொம்பு மான் டேக்தான் (ஒரு மானை எடுக்கும் அனுமதிச் சீட்டு) என்பது உண்மை. ஆனால் முன்பு பலருடைய டேக் வீட்டுக்கு வெறுமையாகத் திரும்பும். இப்போது அவ்வளவு திரும்புவதில்லை.

நாட்டிலேயே வில்லுக்கென்று முதல் மான் சீசன் 1934-இல் இந்த விஸ்கான்சினில்தான் வந்தது. அதை வாங்கித் தந்தவர்கள், நாங்கள் குறைவாகத்தான் எடுப்போம், அதனால் எங்களுக்கு நாள் கொடுங்கள் என்றுதான் கேட்டிருக்க முடியும். வடக்கில் அந்த ஒப்பந்தத்தை மதிக்க வேண்டும் என்பதே என் பேச்சு. வடகாட்டு மண்டலத்துக்கு மட்டும், நவம்பர் முதல் இரண்டு வாரம் கிராஸ்போவுக்குக் கொம்பு மான் வேண்டாம். மீனா அக்கா போன்றவர்களுக்கும் 65 தாண்டியவர்களுக்கும் விலக்கு, படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. தெற்கை இப்படியே விட்டுவிடலாம்.

பராபூ குமரன்:

மூவருக்கும் நன்றி. சாக் கவுண்டிக்குக் கதிர் சொல்வது சரி, என் பரணிலிருந்தே ஒரு மாலையில் பத்துப் பன்னிரண்டு பெண் மான்கள் வயலில் இறங்குவதைப் பார்க்கிறேன். மாநிலம் முழுக்கக் குறைக்கச் சொல்லும் யோசனைக்கு நான் வேண்டாம் என்றே போடுவேன். ராஜன் ஐயா, சுலபமான கருவி வந்தால் நாட்களையும் மறுபடி பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம், அதில் மட்டும் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. காம்பவுண்ட் வந்தபோதும் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

கதிர், தீர்மானத்தை அவரவர் குடியிருக்கும் கவுண்டியில்தான் கொண்டுவர முடியும், ஆகவே வடக்குத் தீர்மானம் உங்கள் பெயரில்தான் வர வேண்டும். வரைவு நான் எழுதி இங்கே ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுகிறேன். மீனா அக்கா, விலக்குப் பத்தியை நீங்கள் எழுதித் தர முடியுமா? மருத்துவர் கையெழுத்து வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் வார்த்தையிலேயே போடலாம்.

லா கிராஸ் மீனா:

தருகிறேன். மருத்துவர் கையெழுத்து வேண்டாம், விண்ணப்பிப்பவரின் உறுதிமொழி போதும் என்றுதான் எழுதுவேன். அது உங்களுக்குச் சரியா கதிர்?

ஆஷ்லண்ட் கதிர்:

சரி அக்கா. பொய்யாக எழுதித் தந்தால் ஒரு வருடம் லைசென்ஸ் ரத்து என்று ஒரு வரி மட்டும் சேருங்கள்.