ஃபீட்லாட் வேலை: முதலில் பழக வேண்டியது தொட்டியா, தீவனக் கணக்கா?

இளவேனில்:
ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் டார்லிங் டவுன்ஸ் பக்கம் ஃபீட்லாட் (மாடுகளைப் பட்டியில் அடைத்துத் தானியத் தீவனம் போட்டுக் கொழுக்க வைக்கும் பண்ணை) வேலைக்குப் போக நினைக்கும் நம் கால்நடை மருத்துவப் பட்டதாரிகளுக்காக இந்த இழை. இங்கே வாங்கிய பி.வி.எஸ்சி. பட்டத்தை வைத்து அங்கே நேராக மருத்துவராக முடியாது. ஆஸ்திரலேசியக் கால்நடை வாரியங்களின் மன்றத் தேர்வில் தேறி, பதிவு பெற வேண்டும். அதுவரை பட்டிவேலை, தீவன ஆலை, தீவன வண்டி, இறைச்சித் தரம் பார்ப்பது என்று பல வழி உண்டு. படித்தவர்கள் பட்டிவேலையில் காலத்தைக் கழிக்காமல் தீவனக் கணக்குப் பக்கம் போய்விட வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

தொட்டிக்கண்:
மறுக்கிறேன். அந்தக் கணக்கு சரியா தப்பா என்று சொல்வதே தீவனத் தொட்டிதான்.

காலையில் முதல் வண்டி தீவனம் கொட்டும் முன் ஒவ்வொரு பட்டியின் தொட்டிக்கும் மதிப்பெண் போட வேண்டும். சவுத் டகோட்டா மாநிலப் பல்கலைக்கழக முறையில் 0 என்றால் ஒரு துணுக்கும் இல்லை. அரை என்றால் அங்கங்கே சிதறல். 1 என்றால் மெல்லிய படலம். 2 என்றால் கால் முதல் பாதி வரை மிச்சம். 3 என்றால் பாதிக்கு மேல் மிச்சம், ஆனால் முகடு கலைந்திருக்கும். 4 என்றால் வாயே வைக்கவில்லை.

இதை யாரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். கஷ்டம் 0 வந்த தொட்டியில்தான் இருக்கிறது. அது இரவு 10 மணிக்கே காலியானதா, விடியற்காலை 5 மணிக்கா? 10 மணிக்கே தீர்ந்திருந்தால் மாடு இரவு முழுக்கப் பசியோடு நின்றிருக்கும். வண்டி வந்ததும் முண்டியடித்து விழுங்கும். தானிய மாவுச்சத்து மொத்தமாக இறங்கி, பெருவயிற்றின் பிஎச் (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.6-க்குக் கீழே சரியும். 5-க்கும் கீழே போனால் லாக்டிக் அமிலம் பெருகி மாடு படுத்துவிடும். பிழைத்த மாட்டுக்கும் குளம்பழற்சி வரும், கல்லீரலில் சீழ்க்கட்டி வரும்.

அதனால்தான் இரவிலும் ஒரு முறை டார்ச் அடித்துத் தொட்டியைப் பார்க்கச் சொல்கிறோம். 0 பார்த்தவுடன் அளவை ஏற்றக் கூடாது. 2, 3 நாள் தொடர்ந்து 0 இருந்து, மாடும் தொட்டியோரம் காத்து நின்றால் தலைக்கு 0.25 முதல் 0.5 கிலோ உலர் எடை (ஈரத்தைக் கழித்த தீவன எடை) ஏற்றலாம். பிறகு 2, 3 நாள் கை வைக்காமல் விட வேண்டும். இந்தப் பொறுமையை எந்த மேசையும் கற்றுத் தராது.

கணக்குப்பிள்ளை:
தொட்டிக்கண் சார், நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அதே கண் மாட்டைக் கொல்லும் இடமும் ஒன்று உண்டு.

150 மாடுள்ள பட்டி. தலைக்கு 10 கிலோ உலர் எடை, மொத்தம் 1,500 கிலோ. அதில் 10 சதவீதம் சைலேஜ் (குழியில் புளிக்க வைத்த பசும் நார்த்தீவனம்), அதாவது 150 கிலோ உலர் எடை. சைலேஜில் உலர் பொருள் 35 சதவீதம் இருக்கும்போது வண்டியில் ஏற்ற வேண்டியது 429 கிலோ. மழை பெய்கிறது. சைலேஜ் குழியின் திறந்த முகப்பு நனைந்து உலர் பொருள் 28 சதவீதமாக இறங்குகிறது. தராசு அதே 429 கிலோவைத்தான் காட்டும். உள்ளே போவதோ 120 கிலோ. நார்த்தீவனத்தின் பங்கு 10-லிருந்து 8.2 சதவீதமாகிவிட்டது.

இப்போது தொட்டி சீக்கிரம் காலியாகும். ஏனென்றால் மாட்டுக்கு வந்தது நிஜமாகவே குறைவு. மூன்று நாள் 0 பார்த்த நீங்கள் உங்கள் விதிப்படியே அளவை ஏற்றுவீர்கள். நார் குறைந்த கலவையில் தானியம் இன்னும் கூடும். அமிலநோய்க்குக் கதவைத் திறந்து விட்டது அந்தக் கண்தான். செய்ய வேண்டியது 429-ஐ 536 ஆக்குவது, அவ்வளவே.

சோதிக்க ஆய்வகம் வேண்டாம். சைலேஜ் 100 கிராம் எடுத்து மைக்ரோவேவில் பரப்பி வையுங்கள். தீப்பிடிக்காமலிருக்கப் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். முதலில் 3 நிமிடம், பிறகு ஒவ்வொரு நிமிடமாக ஓட்டி, ஒவ்வொரு முறையும் கிளறி எடை பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு எடையும் ஒன்றாக வந்தால் அந்தக் கிராம்தான் உலர் பொருள் சதவீதம். கருகினால் அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள்.

தொட்டிக்கண்:
நல்ல உதாரணம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சைலேஜ் சோதனை வாரம் ஒரு முறை என்று அட்டவணை போட்டு வைத்திருக்கும் இடத்தில் செவ்வாய்க்கிழமை பெய்த மழையை யார் சொல்வது? குழி முகப்பில் நிற்பவர்தான். கையில் அள்ளிப் பிழிந்தால் சாறு சொட்டுகிறதா என்று பார்ப்பதும் கண்வேலைதான். சாணத்தையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில், நுரையும் குமிழியுமாக, முழுத் தானியத்தோடு இளகி விழுந்தால் தொட்டியில் என்ன மதிப்பெண் இருந்தாலும் அளவை ஏற்றக் கூடாது. தேர்ந்தவர் தொட்டியை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்க மாட்டார்.

பட்டிச்சுற்று:
இருவரும் தீவனத்திலேயே நிற்கிறீர்கள். புதிதாக இறங்கிய மாட்டுக்கு முதல் 3 வாரம் பெரிய எமன் சுவாச நோய். அதைக் கண்டுபிடிப்பது குதிரையில் பட்டி சுற்றுபவர். வெயில் ஏறுமுன் போக வேண்டும். படுத்திருக்கும் மாட்டை மெல்ல எழுப்பினால் நலமான மாடு எழுந்ததும் முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கும். நோயுள்ளது முறிக்காது. காது தொங்கும், தலை தாழும், இடது வயிற்றுப் பள்ளம் உள்வாங்கும், தொட்டிக்குக் கடைசியாக வரும். பிரித்து கிரஷில் (மாட்டை அசையாமல் பிடிக்கும் கூண்டு, நம்மூர் ட்ராவிஸ் போல) நிறுத்தி ஆசனவாயில் வெப்பம் பாருங்கள். 40 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் என்றால் மருத்துவர் எழுதி வைத்த முறைப்படி ஊசி. ஊசி கழுத்தில், தோலுக்கடியில், ஒரே இடத்தில் 10 மில்லிக்கு மேல் வேண்டாம். தொடையில் போட்டால் விலை உயர்ந்த கறியில் தழும்பு விழும்.

கணக்குப்பிள்ளை:
பட்டிச்சுற்று, இந்த வேலையை மதிக்கிறேன். ஆனால் கண்ணால் மட்டும் பார்த்தால் சுவாச நோயுள்ள மாடுகளில் சுமார் 60 சதவீதம்தான் பிடிபடும் என்பது ஆய்வுகளில் வந்த கணக்கு. மாடு இரையாகும் விலங்கு. குதிரைக்காரரைக் கண்டதும் நோயை மறைத்து நிமிர்ந்து நிற்கும். அறுப்புக்கூடத்தில் நுரையீரலைத் திறந்தால், ஒரு ஊசியும் போடாத மாட்டிலும் பழைய தழும்பு இருக்கிறது. தெர்மாமீட்டரையும் அப்படியே நம்ப முடியாது. மதிய வெயிலில் நடத்திக் கொண்டுவந்த மாடு நோயில்லாமலே 40 காட்டும்.

பட்டிச்சுற்று:
அதனால்தான் காலையில் என்றேன். மறைப்பதும் உண்மை. நேராகக் குதிரையை விட்டால் மறைக்கத்தான் செய்யும். மாட்டின் தோள்தான் அதன் சமநிலைப் புள்ளி. அதற்குப் பின்னால் போனால் முன்னே நகரும், முன்னால் வந்தால் பின்வாங்கும். விலகல் எல்லையின் (அதற்குள் நாம் போனால் மாடு விலகி நகரும் தூரம்) ஓரமாகவே, அவசரமில்லாமல், கோணலாகச் சுற்றினால் அது தளர்ந்து உண்மையைக் காட்டும். விலங்கு நடத்தை அறிஞர் டெம்பிள் கிராண்டின் காலமெல்லாம் சொல்லி வருவது இதைத்தான். 60 சதவீதம் என்ற எண்ணை வைத்துப் பட்டி சுற்றுவதைக் குறைப்பது தப்பு; மெதுவாகச் சுற்றப் பழக்குவதே வழி.

இன்னொன்று. குதிரையைத் தொட்டியோரம் கட்டாதீர்கள். கலவையில் மோனென்சின் என்ற தீவன மருந்து இருக்கும். மாடு தாங்கும் அளவு வேறு. குதிரைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராமே உயிரைப் பறிக்கும்.

இளவேனில்:
தரம் பார்க்கும் வேலையைப் பற்றி யாரும் எழுதவில்லையே? எம்எஸ்ஏ (மீட் ஸ்டாண்டர்ட்ஸ் ஆஸ்திரேலியா என்ற இறைச்சித் தரத் திட்டம்) தரத்துக்கு இறைச்சியின் பிஎச் 5.71-க்குக் கீழ் இருக்க வேண்டும். பார்க்கும்போது முதுகுத்தசை 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். பிஎச் ஏறினால் கறி கறுத்துவிடும்.

தொட்டிக்கண்:
அதுவும் பட்டியில் தொடங்குவதுதான் தங்கச்சி. ஏற்றும்போது மிரட்டப்பட்ட மாடு, பழகாத மாடுகளோடு கலந்த மாடு, நெடுநேரம் பட்டினி கிடந்த மாடு தசையிலிருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பைத் தீர்த்துவிடும். அறுத்தபின் அமிலமாக மாற எதுவும் மிச்சமிருக்காது. பிஎச் இறங்காது.

கணக்குப்பிள்ளை:
கிளைக்கோஜனை முதலில் சேர்த்து வைப்பது தீவனம். அதை மறக்க வேண்டாம். என் நிலையைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். பட்டதாரி முதல் 6 மாதம் தீவன வண்டியில் ஏறட்டும். ஒரு வண்டி கொட்டியதும் தொட்டியின் நீளத்தில் 10 இடத்தில் மாதிரி எடுத்து, மாறுபாட்டுக் கெழு (மாதிரிக்கு மாதிரி உள்ள வேறுபாட்டின் அளவு) 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று கணக்கிடட்டும். கூடினால் கொள்ளளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள், அல்லது கலக்கும் தகடு தேய்ந்திருக்கிறது, அல்லது போதிய நேரம் சுழலவில்லை. காரணத்தை அவரே இறங்கிப் பார்க்கட்டும்.

தொட்டிக்கண்:
6 மாதம் போதாது. ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் பார்க்க வேண்டும். புயலுக்கு முன்னும் பின்னும் மாடு தின்னும் அளவு எப்படி ஏறி இறங்குகிறது, வெப்ப அலையில் இரவு முழுக்க வாய் திறந்து மூச்சிரைக்கும் கறுப்பு ஆங்கஸ் இன மாட்டுப் பட்டிக்கு மறுநாள் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதெல்லாம் 6 மாதத்தில் கண்ணில் படாது. ஒரு வருடம் என்றால் சம்மதம்.

கணக்குப்பிள்ளை:
ஒரு வருடம் சரி. ஆனால் மைக்ரோவேவ் முதல் நாளே கையில் இருக்கட்டும்.