இராமானுஜன் சிறுகோளுக்குப் பெயர் வந்த முறை

கேள்வி – வான்நோக்கி

கணித மேதை இராமானுஜனின் பெயரைத் தாங்கிய சிறுகோள் ஒன்று 1988ஆம் ஆண்டு நம் காவலூர் வானாய்வகத்தில் கண்டறியப்பட்டதாகப் படித்தேன். அட்டவணையில் அப்பெயருக்கு முன் 4130 என்ற எண்ணும், பக்கத்தில் '1988 டிக்யூ1' (1988 DQ1) என்ற குறியீடும் உள்ளன. இவை எதைக் குறிக்கின்றன? பெயரை முடிவு செய்பவர் யார்? பணம் செலுத்தி நம் பெயரைச் சூட்டிக்கொள்ள முடியுமா?

மறுமொழி – கதிரவன்_வட்டம்

குறியீட்டிலேயே கண்டுபிடிப்பின் காலம் அடங்கியிருக்கிறது. ஆண்டை 24 அரைமாதங்களாகப் பிரித்து, 'ஐ' (I) என்ற எழுத்தை விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆங்கில அகரவரிசையில் ஓர் எழுத்தைத் தருகிறார்கள். ஜனவரியின் முற்பாதி 'ஏ' என்றால், 'டி' பிப்ரவரியின் பிற்பாதி. அந்த அரைமாதத்தில் எத்தனையாவது கண்டுபிடிப்பு என்பதை இரண்டாம் எழுத்து சொல்கிறது. இங்கும் 'ஐ' நீங்கலாக 25 எழுத்துகளே. அவை தீர்ந்தபின் மீண்டும் 'ஏ'யிலிருந்து தொடங்கி உடன் 1 சேர்ப்பார்கள். 'க்யூ' 16ஆவது எழுத்து, அதனுடன் ஒரு முழுச் சுற்றின் 25ஐக் கூட்டினால் 41. இராமானுஜன் அந்த அரைமாதத்தின் 41ஆவது சிறுகோள்.

இது தற்காலிக அடையாளம் மட்டுமே. மீண்டும் மீண்டும் நோக்கி, சுற்றுப்பாதை ஐயமின்றி உறுதியான பிறகே நிலையான எண் கிடைக்கும்; 4130 அத்தகைய எண். எண் பெறாத சிறுகோளுக்குப் பொதுவாகப் பெயர் சூட்டுவதில்லை.

மறுமொழி – நிலா_முற்றம்

எண் கிடைத்த நாளிலிருந்து 10 ஆண்டுகள் வரை பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு உண்டு. ஏற்பதும் மறுப்பதும் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பெயரிடல் குழுவின் பொறுப்பு. பெயர் 16 எழுத்துகளுக்கு மிகாமலும், உச்சரிக்கத் தக்கதாகவும், ஏற்கெனவே உள்ள பெயரோடு குழப்பம் தராததாகவும் இருக்க வேண்டும். அரசியலிலோ போரிலோ புகழ்பெற்றவர் என்றால், அவர் மறைந்து 100 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். வணிகப் பெயர்களுக்கு இடமில்லை. பெயர் விற்பனைக்கும் இல்லை என்பதால், அத்தகைய விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

அரசியல் பெயர் குறித்த தயக்கம் பழையது. 1850இல் லண்டனில் கண்டறியப்பட்ட 12ஆம் சிறுகோளுக்கு விக்டோரியா என்று பெயரிட்டபோது, ஆட்சியிலிருக்கும் அரசியின் பெயர் என்று அமெரிக்க வானியலர் எதிர்த்தனர். அது உரோமானிய வெற்றித் தெய்வத்தின் பெயரும் ஆனதால் நிலைத்தது.

மறுமொழி – தொலைநோக்கி

சில சிறுகோள் கூட்டங்களுக்குத் தனி மரபும் உண்டு. வியாழனின் பாதையில் அதற்கு முன்னே செல்பவற்றுக்கு, ஹோமரின் காவியம் பாடும் டிராய்ப் போரின் கிரேக்க வீரர்களின் பெயர்களும், பின்னே வருபவற்றுக்கு டிராய் வீரர்களின் பெயர்களும் இடப்பட்டன. இவ்வழக்கம் உறுதிப்படுவதற்கு முன்பே பெயர் பெற்றுவிட்டதால், டிராயின் ஹெக்டர் கிரேக்கர் நடுவிலும், கிரேக்கனான பட்ரோக்ளஸ் டிராயர் நடுவிலும் இன்றுவரை இருக்கிறார்கள். காவிய வீரர்களின் பெயர்கள் போதாமல் போனதால், அக்கூட்டங்களின் சிறிய உறுப்புகளுக்கு ஒலிம்பிக் வீரர்களின் பெயரைச் சூட்ட இப்போது இடமளித்துள்ளனர்.