ஜியோகேச்சிங்குக்கும் மலையேற்றத்துக்கும் கையடக்க ஜிபிஎஸ்: எதை வாங்கலாம், எங்கே கைவிடும்?

யாரோ ஒளித்துவைத்த பெட்டியை (கேச்) ஆயத்தொலைவை வைத்துத் தேடும் விளையாட்டுதான் ஜியோகேச்சிங். அதற்கும் மலையேற்றத்துக்கும் கருவி வாங்குவது பற்றி எங்களில் சிலர் ஆளுக்கொரு பகுதியாக எழுதியிருக்கிறோம். ஊருக்குள் கேச் தேட மட்டும் என்றால் தனிக் கருவிக்குச் செலவு செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டில் சி:ஜியோ இலவசம், ஐபோனுக்கு ஜியோகேச்சிங்கின் சொந்தச் செயலி இருக்கிறது. சிங்கப்பூரில் மெரினா பே கட்டடங்களுக்கு நடுவே நின்றால் சிக்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். விலை உயர்ந்த கருவியும் அங்கே 20, 30 மீட்டர் தள்ளிக் காட்டக்கூடும். கருவியின் அருமை தெரிவது மக்ரிச்சி, புக்கிட் தீமா காட்டுப் பாதைகளில்தான், அதுவும் மழை பிடித்துக்கொண்டால். ஈரத் திரையில் கைப்பேசி விரலைக் கண்டுகொள்ளாது. பொத்தான் வைத்த கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் தொடுதிரை மாடல்களைக் காட்டு வேலைக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

அடுத்து திசைகாட்டி. கார்மின் இடிரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும்: 2.2 அங்குலத் திரை, இரண்டு பென்சில் செல் (ஏஏ), 8 ஜிபி நினைவகம். 32எக்ஸில் மட்டும் மூன்று அச்சுத் திசைகாட்டியும் உயரம் காட்டும் பாரோமீட்டரும் உண்டு. 22எக்ஸுக்கு நீங்கள் நடந்தால்தான் எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்று தெரியும். நின்றுவிட்டால் அம்பு உறைந்துபோகும், இல்லாவிட்டால் தன்னிஷ்டத்துக்குச் சுற்றும். மலைப்பாதையில் இது பொருட்டே இல்லை, ஆள் நடந்துகொண்டேதானே இருக்கிறார். கேச்சுக்குப் பத்து மீட்டரில் நின்று சுற்றுமுற்றும் பார்க்கும்போதுதான் எரிச்சல் வரும். கேச்சிங் பாதி, மலை பாதி என்றால் 32எக்ஸுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண்போகாது.

திசைகாட்டி இருந்தால் மட்டும் போதாது, செல் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதைச் சரிசெய்ய வேண்டும். திரையில் சொல்கிறபடி மூன்று திசையில் மெதுவாகச் சுழற்றுங்கள். கார் பானெட் மேல் வைத்துச் செய்யாதீர்கள், காந்த மூடி போட்ட கைப்பேசி உறையும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

*

மேலே அண்ணன் சொன்னதில் திசைகாட்டி விஷயம் சரி. ஆனால் ஆண்டெனாவைச் சொல்லாமல் விட்டுவிட்டார். இடிரெக்ஸ் வகையில் இருப்பது தட்டையான பேட்ச் ஆண்டெனா. வானத்தைப் பார்த்துக் கிடைமட்டமாகப் பிடித்தால் நன்றாக வேலை செய்யும். பாக்கெட்டில் செங்குத்தாகச் செருகினாலோ, இடுப்பில் தொங்கவிட்டாலோ உடம்பே பாதி வானத்தை மறைத்துவிடும், பதிவான பாதை கோணல்மாணலாக வரும். கார்மினின் ஜிபிஎஸ்மேப் 64, 65, 66, 67 வரிசையில் மேலே கட்டைவிரல் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது குவாட் ஹெலிக்ஸ் என்ற சுருள் ஆண்டெனா. அதை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், பையின் தோள்வாரில் மாட்டிக்கொண்டு நடந்தாலும் சிக்னல் அவ்வளவாகக் குறையாது. சோலைக் காட்டில் மழை ஓய்ந்து இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

மல்டிபேண்ட், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசை, பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பழைய கருவிகள் எல்1 என்ற ஒரே அலைவரிசையைக் கேட்கும். 65, 67 வரிசைகள் எல்5-ஐயும் கேட்கும். எல்5-இன் குறியீடு பத்து மடங்கு வேகமாக ஓடுவதால், நேராக வந்த சிக்னல் எது, பாறையில் பட்டுத் தாமதமாக வந்தது எது என்று பிரிப்பது கருவிக்கு எளிது. பள்ளத்தாக்கு, பாறைச்சுவர், கட்டட நெருக்கம் ஆகிய இடங்களில் பலன் உண்டு. திறந்த புல்வெளியில் எல்1 மட்டுமே 3 முதல் 5 மீட்டருக்குள் கொண்டுவந்துவிடும். மேய்ச்சல் மேட்டில் நடக்கிறவர் அதற்காகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஒன்று கவனியுங்கள்: 65-க்குத் திசைகாட்டியும் பாரோமீட்டரும் கிடையாது, 65எஸ்-க்கு உண்டு. ஓர் எழுத்தைப் பார்க்காமல் வாங்கிவிட்டுப் பிறகு தேடுகிறவர்கள் அதிகம்.

*

எந்தக் கருவியானாலும் கடைசிப் பத்து மீட்டரை அது முடித்துத் தராது. ஒளித்தவர் கருவியில் 4 மீட்டர் பிழை, உங்களுடையதில் 4 மீட்டர் பிழை, எதிரெதிர்ப் பக்கமாக விழுந்தால் 8 மீட்டர். கேச்சின் இணையப் பக்கத்தில் தரும் ஆயத்தொலைவின் கடைசி இலக்கமே, அதாவது 0.001 நிமிடம், தரையில் 1.85 மீட்டர்.

செய்ய வேண்டியது இது. 15 மீட்டர் இருக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். 10 மீட்டரில் நின்று அரை நிமிடம் விடுங்கள், எண் அடங்கட்டும். அம்பு காட்டும் நேர்கோட்டில் ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு மரமோ கல்லோ. பிறகு பக்கவாட்டில் 15, 20 மீட்டர் நகர்ந்து இன்னொரு கோட்டைப் பிடியுங்கள். இரண்டும் வெட்டும் இடத்தில் தேடத் தொடங்கலாம். கருவியைப் பையில் போட்டுவிட்டுக் கையையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். 3 மீட்டர், 7 மீட்டர், 2 மீட்டர் என்று எண் குதிப்பதைத் துரத்திக்கொண்டு செடிகளை மிதிப்பதுதான் புதியவர்கள் செய்வது.

ஒளிக்கிறவருக்கு: ஒருமுறை நின்று குறித்த புள்ளியைப் பதிவிடாதீர்கள். ஒரே புள்ளியைப் பலமுறை அளந்து சராசரி எடுக்கும் வேபாயின்ட் சராசரி வசதி இருக்கிறது. 4 முதல் 8 மாதிரிகள் எடுங்கள், இரண்டுக்கும் நடுவே 90 நிமிடமாவது போகட்டும். செயற்கைக்கோள்கள் இடம் மாறியிருந்தால்தான் சராசரிக்கு அர்த்தம். அடுத்த கேச் 161 மீட்டருக்குள் இருந்தால் ஒப்புதல் கிடைக்காது, அதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது.

*

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் நடக்கிறவர்களுக்கு முதல் கேள்வி பேட்டரி செல்தான். 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டுக்கும் 25 மணி நேரம் என்று போட்டிருப்பது திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால். முழு வெளிச்சத்தில் விட்டால் கணிசமாகக் குறையும். பென்சில் செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பது பெரிய பலம். ஆனால் கடையில் கிடைக்கும் மலிவான செல்லை அவசரத்துக்கு மட்டும் போடுங்கள், வீடு திரும்பியதும் கழற்றிவிடுங்கள். செல் கசிந்து உள்ளே இருக்கும் தகடு பச்சை பூத்துவிட்டால் கருவிக்கே ஆபத்து. அன்றாடத்துக்கு 2000 எம்ஏஎச் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல், இரண்டு ஜோடி. இமயமலைப் பனிக்குப் போகிறவர்கள் 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ வாங்கிக்கொள்ளலாம். எடையும் குறைவு, உறைகுளிரிலும் சுருண்டுவிடாது.

அமைப்பில் செல் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க மறந்தால் அளவுகாட்டி ஏமாற்றும். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட். அமைப்பு ஆல்கலைனில் இருந்தால் பாதி தீருமுன்பே காலி என்று கத்தும். லித்தியம் போட்டுவிட்டு ஆல்கலைனில் விட்டால் கடைசி வரை முழுசு என்று காட்டிவிட்டுத் திடீரென்று அணைந்துவிடும். 14500 என்று அச்சிட்ட செல்லும் அளவில் ஏஏ மாதிரியேதான் இருக்கும். அது 3.7 வோல்ட். இரண்டைப் போட்டால் கருவி தாங்காது.

உள்ளேயே பேட்டரி வைத்த ஜிபிஎஸ்மேப் 67-க்கு 180 மணி நேரம் சொல்கிறார்கள். டைப்-சி கேபிளும் பவர் பேங்கும் இருந்தால் கவலையில்லை. செலவு குறைவாக இருக்க வேண்டும், வரைபடம் வேண்டாம் என்றால் இடிரெக்ஸ் எஸ்இ இருக்கிறது. கறுப்பு வெள்ளைத் திரை, இரண்டு ஏஏ செல்லில் 168 மணி நேரம். திசைகாட்டியும் உண்டு, கைப்பேசியோடு புளூடூத்தில் பேசும். வரைபடத்தைக் கைப்பேசியிலும் புள்ளியைக் கருவியிலும் பார்க்கப் பழகிவிட்டால் இது நல்ல ஏற்பாடு.

உயரம் பற்றி ஒரு சங்கதி. பாரோமீட்டர் அளப்பது காற்றழுத்தத்தை. நம் வெப்பமண்டலத்தில் காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், மாலை நான்கு மணிக்குள் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 8 மீட்டர் என்று கணக்குப் போட்டால், ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் கருவி 25 மீட்டர் ஏறிவிட்டதாகச் சொல்லும். வானிலை மாறினால் இன்னும் கூடும். தொட்டபெட்டாவில் பலகை 2,637 மீட்டர் என்கிறதா, அங்கே எண்ணைக் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். புறப்படும் இடத்தில் ஒருமுறை, மதியம் உயரம் தெரிந்த இடத்தில் ஒருமுறை செய்தால் போதும்.

இந்தியாவில் வாங்குகிறவர்களுக்கும் இங்கே கொண்டுவருகிறவர்களுக்கும் முக்கியமானது: 66ஐ, 67ஐ, மொன்டானா 700ஐ என்று கடைசியில் ஆங்கில 'ஐ' (i) வரும் மாடல்களில் இன்ரீச் என்ற செயற்கைக்கோள் செய்தி வசதி இருக்கும். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை இங்கே வைத்திருக்கக் கூடாது. விமான நிலையத்திலேயே பயணிகளைப் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் ஆசையாக வாங்கி வருவதாகச் சொன்னால் மாடல் பெயரை முதலில் கேளுங்கள்.

*

இங்கிலாந்து மலைகளில் நடக்கிறவர்கள் அந்நாட்டு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தோடு ஒத்துப்பார்க்க, கருவியில் இட வடிவத்தை பிரிட்டிஷ் கிரிட் என்று மாற்றுவார்கள். ஸ்காஃபெல் பைக் உச்சி என்ஒய் 215 072 என்று வரும். ஆறு இலக்கம் என்றால் 100 மீட்டர் சதுரம், எட்டு என்றால் 10 மீட்டர். கிரிட்டை மாற்றினால் டேட்டமும் (ஆயத்தொலைவுக்கு அடிப்படையான புவி மாதிரி) கூடவே மாறும். பிறகு கேச் ஆயத்தொலைவை உள்ளிடப் போகும்போது வடிவத்தைத் திருப்பிவிட்டு டேட்டத்தை ஜிபிஎஸ்ஸின் வழக்கமான டபிள்யூஜிஎஸ் 84-க்குத் திருப்பாமல் விட்டால், புள்ளி நூறு மீட்டரை ஒட்டித் தள்ளிப்போகும். கருவி எந்த எச்சரிக்கையும் தராது.

அதைவிடப் பெரிய பிழை வடிவத்தில் வரும். கேச் பக்கங்கள் டிகிரியும் தசம நிமிடமுமாகத் தரும். கைப்பேசி வரைபடங்கள் தசம டிகிரியில் தரும். 54.454 டிகிரி என்பது 54 டிகிரி 27.24 நிமிடம். அதையே 54 டிகிரி 45.4 நிமிடம் என்று அடித்தால் 33 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போய்விடுவீர்கள். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60-ஆல் பெருக்குங்கள், அவ்வளவுதான்.

புதிர் கேச்சில் 'இங்கிருந்து 135 டிகிரியில் 250 மீட்டர்' என்று வந்தால், வடக்கு எது என்ற அமைப்பை மெய்வடக்குக்கு மாற்றிவிட்டுக் கணக்கிடுங்கள். தென்னிந்தியாவில் காந்த விலகல் (காந்த வடக்குக்கும் மெய்வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசம்) மிகக் குறைவு, கவலையில்லை. சியாட்டில் பக்கம் அது 15 டிகிரி வாக்கில் இருக்கிறது. 250 மீட்டரில் 65 மீட்டர் தவறிவிடும்.

*

மேலே அக்கா சொன்ன டேட்டம் விஷயம் இந்தியாவுக்கும் பொருந்தும். பழைய சர்வே ஆஃப் இந்தியா தாள்கள் எவரெஸ்ட் டேட்டத்தில் இருக்கின்றன. ஸ்கேன் செய்து அப்படியே டபிள்யூஜிஎஸ் 84 என்று ஏற்றினால் நூறு மீட்டருக்கு மேல் விலகும்.

வரைபடத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து கார்மினுக்காகத் தயாரித்த கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 32 ஜிபிக்குள் ஒரு மைக்ரோஎஸ்டி அட்டை, ஃபேட்32 வடிவம், அதில் கார்மின் என்ற கோப்புறை, அதற்குள் வரைபடக் கோப்பு. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, நாடு முழுவதையும் ஒரே கோப்பாக எடுக்காதீர்கள். சமஉயரக் கோடுகளை அப்படியே நம்பக் கூடாது. பெரும்பாலும் 2000-ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து எடுத்த உயரத் தரவுதான் அடிப்படை, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. 15 மீட்டர் செங்குத்துப் பாறை அதில் சாய்வாகத்தான் தெரியும். கோடு மென்மையாக இருக்கிறதே என்று குறுக்குவழியில் இறங்குவது வில்லங்கம்.

கேச்களை ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்குங்கள், குறிப்பும் பழைய பதிவுகளும் அதோடு வரும். எல்ஓசி கோப்பில் விளக்கமும் குறிப்பும் வராது. ஜியோகேச்சிங் தளத்தின் பிரீமியம் உறுப்பினர்கள், கேச்களை மொத்தமாக இறக்கும் பாக்கெட் குவெரியில் ஒரே தடவையில் 1,000 வரை எடுக்கலாம். ஜிப்பைப் பிரித்து கார்மின் கோப்புறைக்குள் இருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்புறையில் போடுங்கள். நடைபாதைத் தடம் என்றால் 22எக்ஸ் 10,000 புள்ளிகளோடு நின்றுவிடும், மீதியை வெட்டிவிடும். வெட்டுப்படுவது வால் பக்கம், அதாவது இறங்கும் வழி. கணினியிலேயே 1,000 புள்ளிக்குக் குறைத்து ஏற்றுங்கள். வழிகாட்டும் முறையை நேர்கோட்டில் வையுங்கள். சாலைவழி என்றிருந்தால் காட்டுக்குள் நிற்கும் உங்களைத் தார் ரோட்டுக்குத் திருப்பப் பார்க்கும்.

*

பழையது வாங்குகிறவர்களுக்கு. செல் மூடியைத் திறந்து தகட்டையும் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். வளையம் வெடித்திருந்தால் ஐபிஎக்ஸ்7 என்ற நீர்காப்புத் தரம் பற்றிய பேச்சே கிடையாது. யூஎஸ்பி வாயின் ரப்பர் மூடி முழுதாக இருக்க வேண்டும். 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டுக்கும் மினி யூஎஸ்பி. தரவு செல்லும் கேபிளைக் கையோடு கொண்டுபோய்க் கணினியில் டிரைவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். சார்ஜ் மட்டும் ஆகும் கேபிளை வைத்துக்கொண்டு கருவியைக் குறை சொல்லாதீர்கள். எல்லாப் பொத்தானையும் பத்துத் தடவை அழுத்திப் பார்க்க வேண்டும்.

வெளியே திறந்தவெளியில் 15 நிமிடமாவது வைத்துப் பாருங்கள். பல மாதம் அணைந்து கிடந்து, வேறு நாட்டிலிருந்து வந்த கருவிக்குச் செயற்கைக்கோள் அட்டவணை முழுவதும் இறங்கவே 12.5 நிமிடம் ஆகும். இரண்டு நிமிடத்தில் சிக்னல் இல்லை என்று விலை பேசுவது நியாயமில்லை. தேதியையும் பாருங்கள். ஜிபிஎஸ் வார எண் 1,024-க்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரல் 6-இல் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவிகள் இடத்தைச் சரியாகக் காட்டிவிட்டுத் தேதியை மட்டும் சுமார் 20 வருடம் பின்னால் எழுதும். மலைக்கு அது இடைஞ்சல் இல்லை, கேச் பதிவில் மட்டும் தேதி கேலிக்கூத்தாக இருக்கும்.

நல்ல நிலையில் ஒரு ஜிபிஎஸ்மேப் 64எஸ் கிடைத்தால் புது 22எக்ஸை விட அதையே எடுங்கள். எல்5 கிடையாது, செல் 16 மணி நேரம்தான். ஆனால் ஹெலிக்ஸ் ஆண்டெனா, திசைகாட்டி, பாரோமீட்டர், 2.6 அங்குலத் திரை எல்லாம் அதில் இருக்கிறது.