ரெப்ளிக்கேஷன் 1236 பிழையோடு நிற்கிறது, உதவி தேவை

கேள்வி (கிளிநொச்சி):
வணக்கம். எங்கள் சங்கத்தின் நெல் கொள்வனவுக் கணக்கு கிளிநொச்சி சேவரில் இருக்கிறது. அதன் பிரதி ரெப்ளிக்கேஷன் மூலம், அதாவது மாற்றங்கள் தானாகவே நகலாகி, மாங்குளம் களஞ்சியத்தில் ஓடுகிறது. இரண்டும் மைஎஸ்கியூஎல் 8.0 தரவுத்தளம், ஜிடிஐடி (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண்) போடவில்லை. மழையில் இங்கே கரண்ட் போய் வந்ததோடு பிரதி நின்றுவிட்டது, 1236 பிழை என்கிறது. காலபோக அறுவடை தொடங்கிவிட்டது. கமக்காரர்களுக்கு எவ்வளவு காசு கொடுக்க வேண்டும் என்று மாங்குளத்தில் பார்க்க முடியவில்லை. தரவுத்தளம் பார்க்கத் தனி ஆள் இல்லை, நான் கணக்குப் பிரிவு. இலவசத் துணைக் கருவிகள் ஏதும் உண்டா?

பதில் (வவுனியா):
தங்கச்சி, எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஷோ ரெப்ளிக்கா ஸ்டேட்டஸ் அடித்து, அந்த எண்ணோடு வரும் வசனத்தைப் பாருங்கள். பின்லாக் கோப்பையே (சேவர் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைப்பது, பிரதி அதைத்தான் வாசிக்கும்) காணவில்லை என்றால் பழையது அழிந்திருக்கும், 8.0 வழக்கமாக 30 நாள்தான் வைத்திருக்கும். கோப்பின் அளவைத் தாண்டிய இடத்தைப் பிரதி கேட்கிறது என்றால் விஷயம் வேறு. சேவரில் சிங்க்_பின்லாக் என்ற அமைப்பு எத்தனை என்றும் பாருங்கள்.

கேட்டவர்:
இரண்டாவதுதான் அண்ணா. சிங்க்_பின்லாக் 0.

பதில் (வவுனியா):
அப்ப காரணம் அதுதான். 0 என்றால் பின்லாக் டிஸ்க்கில் எப்போது பதியும் என்பதை இயங்குதளம் தன் பாட்டில் தீர்மானிக்கும். கரண்ட் போனபோது பதியாத கடைசிப் பகுதி தொலைந்துவிட்டது. ஆனால் மாங்குளம் அதை ஏற்கெனவே வாங்கிவிட்டது. அடுத்த பின்லாக் கோப்பின் 4ஆம் இடத்திலிருந்து (முதல் பதிவு அங்கேதான் தொடங்கும்) ஆரம்பித்தால் பிரதி ஓடும். இடையில் 1062 பிழை (ஒரே இலக்கம் இருமுறை) வரலாம், அதாவது தொலைந்த வரியின் இலக்கம் புதிய வரிக்குப் போயிருக்கும். தயவுசெய்து அதைத் தாண்டவிட்டுப் போகாதீர்கள், அது ஒருவருடைய நெல்லுக்கான காசு.

பெர்கோனா டூல்கிட் என்ற மைஎஸ்கியூஎல் கருவித் தொகுப்பு இலவசம். அதில் பிடி-டேபிள்-செக்சம் எந்த அட்டவணை வேறுபடுகிறது என்று காட்டும். பிடி-டேபிள்-சிங்க் சரிசெய்யும், ஆனால் பிரதியை சேவர்போல ஆக்கிவிடும். உங்கள் விஷயத்தில் சேவரில் இல்லாத வரி மாங்குளத்தில் இருக்கக்கூடும். ஆகவே முதலில் பிரிண்ட் என்ற தெரிவை மட்டும் கொடுத்து (எதையும் மாற்றாமல் காட்டும்), வரும் பட்டியலைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

பதில் (முல்லைத்தீவு):
இரண்டு இடத்திலும் கலெரா (எல்லா சேவரையும் ஒரே குழுவாக ஒத்து ஓட்டும் முறை) போட்டால் இந்தப் பிரச்சினையே வராதே?

பதில் (வவுனியா):
இரண்டு சேவருக்கு வேண்டாம் தம்பி. இணைப்பு அறுந்தால் எந்தப் பக்கத்துக்கும் பெரும்பான்மை இல்லாமல் இரண்டும் நின்றுவிடும். மாங்குளத்திலும் பதிவு எழுதத்தான் வேண்டும் என்றால் இரு பக்கமும் மாற்றங்களைப் பரிமாறும் சிமெட்ரிக்டிஎஸ் கருவியைப் பாருங்கள். இணைப்பு வரும்வரை மாற்றங்களை வரிசையில் வைத்திருக்கும்.

கேட்டவர்:
செக்சம் ஓட்டினேன், கொடுப்பனவு அட்டவணை மட்டும் வேறுபடுகிறது. மாங்குளத்தில் மட்டும் உள்ள வரிகளுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது அண்ணா.

பதில் (வவுனியா):
நல்லது. அவற்றை கிளிநொச்சி சேவரில் சேர்த்துவிட்டு அப்புறம் சிங்க் ஓட்டுங்கள், பிறகு திரும்பவும் செக்சம். சிங்க்_பின்லாக், இன்னோடிபி_ஃப்ளஷ்_லாக்_அட்_டிரான்ஸாக்ஷன்_கமிட் இரண்டும் 1 ஆக இருக்கட்டும், அப்போது ஒவ்வொரு பதிவும் உடனே டிஸ்க்குக்குப் போகும். கொஞ்சம் வேகம் குறையும், பரவாயில்லை.