பொன் கேஸும் கடிகாரக் கலையும்: உறவு உண்டா, ஒட்டு மட்டுமா?

பல்சக்கரம் எழுதியது:

விலையுயர்ந்த இயந்திரக் கைக்கடிகாரங்களைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் பொன்னும் பிளாட்டினமும் முன்னால் வந்து நின்றுவிடுகின்றன. இயந்திரக் கடிகாரத்தை நேசிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் நெடுநாளைய மனக்குறை ஒன்று உண்டு. சுருள்வில்லில் ஏற்றிவைத்த விசையைப் பல்சக்கரங்கள் கடத்திச் செல்கின்றன. எஸ்கேப்மென்ட் அதைச் சிறு சிறு பங்குகளாக அளந்து விடுகிறது. இன்றைய கடிகாரங்கள் பலவற்றில் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 28,800 அரைவீச்சுகள் வீதம் ஆடி நேரத்தைக் கூறுபோடுகிறது. இந்த ஏற்பாட்டில் வெளியே மூடியிருக்கும் கேஸ் பொன்னா எஃகா என்று கேட்க வேண்டிய இடமே இல்லை. இருந்தும், ஒரே மூவ்மென்ட் (கேஸுக்குள் இருக்கும் இயந்திரத் தொகுதி) உள்ள இரண்டு கடிகாரங்களில் பொன் கேஸ் கொண்டதற்கு நிறுவனம் கேட்கும் கூடுதல் விலை, அதிலுள்ள பொன்னை உருக்கி விற்றால் கிடைக்கும் தொகையைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கிறது.

என் கட்சி இதுதான்: விலையுயர்ந்த உலோகம் நகைத் தொழிலிலிருந்து வந்து கடிகாரத்தின் மேல் ஒட்டிக்கொண்டது, கடிகாரக் கலையோடு அதற்கு இரத்த உறவு இல்லை. சேகரிப்பாளர்களே இதை ஏலத்தில் நிரூபித்திருக்கிறார்கள். சுவிஸ் கடிகார நிறுவனமான பட்டேக் பிலிப்பின் 1518 என்ற மாதிரி பெரும்பாலும் பொன்னிலேயே செய்யப்பட்டது. எஃகில் செய்யப்பட்டவையாக அறியப்படுவன நான்கே. அவற்றில் ஒன்று 2016-ல் ஜெனீவா ஏலத்தில் 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு விலைபோனது. பொன்னாலான 1518 எதுவும் அந்த உயரத்தை எட்டியதில்லை. 2019-ல் அறக்கொடைக்காக நடந்த ஒன்லி வாட்ச் ஏலத்தில் 3 கோடியே 10 லட்சம் பிராங்குக்குப் போன அதே நிறுவனத்தின் கிராண்ட்மாஸ்டர் சைம் கடிகாரமும் எஃகுதான்.

பொன்னுரை எழுதியது:

நண்பர் பல்சக்கரம் காட்டும் சான்றுகள் அவருக்கு எதிராகவே திரும்புகின்றன. எஃகாலான 1518 அந்த விலைக்குப் போனதற்குக் காரணம் எஃகு அல்ல, அது விதிவிலக்காக இருந்தது. பொன் என்ற வழக்கம் இல்லாமல் அந்த விதிவிலக்குக்குப் பொருளே இல்லை. நாளைக்கே ஒரு நிறுவனம் எல்லாக் கடிகாரங்களையும் எஃகில் செய்து ஒன்றை மட்டும் பொன்னில் செய்தால், ஏலத்தில் அந்தப் பொன் கடிகாரத்தின் பின்னால்தான் எல்லோரும் ஓடுவார்கள். அரிதாக இருப்பதன் விலையை உலோகத்தின் மீதான தீர்ப்பாக வாசிப்பது சரியன்று.

இனி இரத்த உறவுக்கு வருகிறேன். தானியங்கிக் கடிகாரத்தில் கை அசையும்போது சுழன்று சுருள்வில்லை முறுக்கும் ரோட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது நன்றாக முறுக்க வேண்டுமானால் அதன் விளிம்பில் எடை வேண்டும். கடிகாரம் மெல்லியதாக இருக்க வேண்டுமானால் அந்த எடை மிகக் குறைந்த இடத்துக்குள் அடங்க வேண்டும். 1977-ல் வந்த பட்டேக் பிலிப்பின் 240 என்ற மூவ்மென்ட் தன் சிறு ரோட்டரை மூவ்மென்ட்டின் தளத்துக்குள்ளேயே புதைத்துக்கொள்ள முடிந்தது, அந்த ரோட்டர் 22 காரட் பொன்னால் ஆனது என்பதால்தான். எஃகில் அதே அளவுக்குச் செய்தால் பாதி எடைகூட வராது. பழைய பேலன்ஸ் சக்கரங்களின் விளிம்பில் பொன் திருகுகள் வைத்ததற்கும் இதே கணக்குதான் காரணம்: சிறிய இடத்தில் எடை, காலம் சென்றாலும் துரு இல்லை.

1783-ல் பிரெஞ்சு அரசி மரீ அந்துவானெத்துக்காகக் கடிகாரக் கலைஞர் ஆபிரகாம் லூயி பிரெகேயிடம் தரப்பட்ட ஆணையை இங்கே நினைவூட்ட வேண்டும். அக்காலத்தில் அறியப்பட்டிருந்த நுட்பங்கள் அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும், இயன்ற இடங்களிலெல்லாம் பிற உலோகங்களுக்குப் பதிலாகப் பொன்னையே பயன்படுத்த வேண்டும் என்பது அந்த ஆணை. அந்தக் கடிகாரம் 1827-ல் முடிந்தபோது அரசியும் இல்லை, பிரெகேயும் இல்லை. பொன் வெறும் போர்வையாக இருந்திருந்தால் உள்ளே யார் கண்ணுக்கும் படாத உறுப்புகளுக்கு அதை யார் கேட்டிருப்பார்கள்?

வெறுங்கை எழுதியது:

இருவரும் ஒரே படகில் இருந்துகொண்டு துடுப்புக்காகச் சண்டையிடுகிறீர்கள். மின்கலக் கடிகாரத்தில் ஒரு நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் உங்கள் இருவரின் கடிகாரங்களையும்விட நேரத்தை நன்றாகச் சொல்கிறது. இயந்திரக் கடிகாரமே தேவையற்றது எனும்போது அதன் கேஸ் எந்த உலோகம் என்பதில் என்ன இருக்கிறது? இன்னொன்றும் சொல்கிறேன். உலகில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரமான செய்கோ ஆஸ்ட்ரான் 1969 டிசம்பரில் 18 காரட் பொன் கேஸில்தான் வந்தது. ஆகவே பொன்னுக்கும் பல்சக்கரத்துக்கும் பிறவித் தொடர்பு இருப்பதாகப் பேசுவதும் வீண்.

பல்சக்கரம் எழுதியது:

வெறுங்கை அவர்களின் ஆஸ்ட்ரான் குறிப்புக்கு நன்றி. அது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. ஆனால் பொன் கேஸும் இயந்திரக் கலையும் ஒரே வகையில் தேவையற்றவை என்பதை நான் ஏற்கவில்லை. பொன்னின் மதிப்பு கடிகாரக் கலைஞரின் மேசைக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. எஃகின் மதிப்போ அவர் கை பட்ட பிறகுதான் பிறக்கிறது. மூவ்மென்ட்டின் எஃகு உறுப்பு ஒன்றைத் தகரத் தட்டின் மேல் வைரப் பசையிட்டுத் தேய்த்து, ஒரு கோணத்தில் கறுப்பாகவும் மறு கோணத்தில் வெள்ளியாகவும் மின்னும்படி செய்யும் கரும்பளபளப்பு என்ற வேலை, கைவினையின் உச்சங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதைச் செய்வது விலை மலிந்த எஃகின் மேல். பல்சக்கரங்களைத் தாங்கிப் பிடிக்கும் தகடுகளான பாலங்களின் விளிம்பைச் சாய்வாகச் சீவி மெருகேற்றும் வேலை நடப்பதும் பெரும்பாலும் பித்தளையிலும், பெயரில் மட்டும் வெள்ளியை வைத்திருக்கும் ஜெர்மன் சில்வரிலும்தான். தாங்கிகளாக உள்ளே பதித்திருக்கும் சிவப்புக் கற்களும் செயற்கை மாணிக்கங்களே. 1902-ல் ஒகுஸ்த் வெர்நோய் வெளியிட்ட சுடர் உருக்கு முறைக்குப் பிறகு அவற்றின் கல் மதிப்பு மிகச் சொற்பம்.

எஃப்.பி.ஜூர்ன் நிறுவனம் 2004 முதல் தன் மூவ்மென்ட்களையே 18 காரட் ரோஸ் கோல்டில் செய்கிறது. பொன்னுரை அவர்களின் கணக்குப்படி இது பெரிய முன்னேற்றமாக இருக்க வேண்டும். ஆனால் சேகரிப்பாளர்கள் தேடித் திரிவது அதற்கு முந்தைய பித்தளை மூவ்மென்ட்களை. பழையவை எண்ணிக்கையில் குறைவு என்று நீங்கள் சொல்வீர்கள், சரி. ஆனால் பொன் கூடுதலாகச் செய்த வேலை என்ன என்று கேட்டால் யாரிடமும் பதில் வருவதில்லை.

ரோட்டரை விட்டுக்கொடுக்கிறேன். அங்கே பொன் உழைக்கிறது. கேஸில் அது உட்கார்ந்திருக்கிறது.

திருகாணி எழுதியது:

பழுது பார்க்கும் மேசையிலிருந்து சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பொன் கேஸ் என்று பொதுவாகப் பேசுவதே எனக்குச் சற்று நெருடுகிறது. 18 காரட் என்றால் ஆயிரத்தில் 750 பங்கு பொன். மீதமுள்ள 250 பங்கில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது. செம்பு கூடினால் ரோஸ் கோல்டாகிறது. அந்தச் செம்பு கடல்நீரும் குளோரினும் பட்டால் மேற்பரப்பில் நாளடைவில் மங்கக்கூடும். ரோலெக்ஸ் நிறுவனம் தன் சொந்த வார்ப்புச்சாலையில் சிறிது பிளாட்டினம் சேர்த்து 2005-ல் எவரோஸ் என்ற கலவையைக் கொண்டுவந்ததும், ஒமேகா தன் செட்னா பொன்னில் பல்லேடியம் சேர்ப்பதும் நிறம் நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஹூப்லோ இன்னும் ஒரு படி போய், நுண்துளைகள் கொண்ட போரான் கார்பைடு பீங்கானுக்குள் உருகிய பொன்னை அழுத்திச் செலுத்தி, எளிதில் கீறல் விழாத 18 காரட் பொன்னை உண்டாக்கியது. இவை உலோகவியலில் நடந்த உண்மையான உழைப்பு. நகைக்கடை வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. பிளாட்டினத்தைக் கடைவதும் அப்படித்தான்: அது கத்தியில் ஒட்டி இழுபடும், கருவியை விரைவில் மழுங்கடிக்கும்.

அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சாதாரணப் பொன் கேஸில் கீறல் எளிதில் விழுகிறது; உரிமையாளர் மெருகு போடக் கேட்கிறார்; ஒவ்வொரு மெருகுக்கும் கொஞ்சம் உலோகம் போகிறது. கூர்மையாக இருந்த விளிம்புகள் சில பத்தாண்டுகளில் உருண்டைக் கற்கள் போல மழுங்கி, கேஸைச் செய்தவர் நினைத்த வடிவமே காணாமல் போகிறது. மெருகு போடாமல் விட்டுவைத்த கேஸுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பது இதனால்தான்.

பொன்னுரை எழுதியது:

திருகாணி அவர்கள் என் வேலையில் பாதியைச் செய்துவிட்டார். கேஸில் பொன் உட்கார்ந்திருக்கிறது என்றவரை டயலுக்கு அழைக்கிறேன். கண்ணாடித் தூளை உருக்கிப் படியவைக்கும் எனாமல் டயலை 800 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டில் மீண்டும் மீண்டும் சுட வேண்டும். செம்புத் தகட்டிலும் சுடலாம். ஆனால் செம்பு சூட்டில் கருக்கும் என்பதால் ஒளி ஊடுருவும் எனாமலுக்கு அடியில் அதன் நிறம் கெடும் அபாயம் உண்டு. பொன் கருக்காது. அதனால்தான் அடியில் செதுக்கிய கோலம் எனாமல் வழியே தெளிவாகத் தெரிகிறது. மயிரிழை போன்ற பொன் கம்பிகளை வளைத்துக் கண்ணறைகள் அமைத்து அவற்றில் வண்ணம் நிரப்பும் க்ளுவாசொன்னே வேலைக்குப் பொன்னின் இழுபடும் தன்மை ஒரு கொடை. கையால் சுழற்றும் கடைசலில் டயல் மேல் அலையலையாகக் கோடு வெட்டும் கியோஷே வேலையையும் பொன்னும் வெள்ளியும் மென்மையாக ஏற்றுக்கொள்கின்றன. இந்தக் கலைகள் எஃகில் பிறந்திருக்க முடியாது.

நள்ளிரவு மணி எழுதியது:

சுருக்கமாக ஒன்று. மணியோசையால் நேரம் சொல்லும் மினிட் ரிப்பீட்டர் கடிகாரங்களில் கேஸ் உட்கார்ந்திருப்பதில்லை, பாடுகிறது. அல்லது பாட்டைத் தடுக்கிறது. எடை மிகுந்த பிளாட்டினம் ஓசையை விழுங்கும் என்பதும், ரோஸ் கோல்டில் அது இதமாக ஒலிக்கும் என்பதும் இத்துறையில் நெடுங்காலமாக நிலவும் கருத்து. 2021-ல் பட்டேக் பிலிப் ஃபோர்டிசிமோ என்ற பெயரில், ஓசையைக் கேஸைச் சாராமல் வெளியே கொண்டுசெல்லும் ஏற்பாட்டைச் செய்து, அதைக் காட்டுவதற்கென்றே பிளாட்டினக் கேஸில் 15 கடிகாரங்களை வெளியிட்டது. ஆனால் உரத்து ஒலிப்பதுதான் நோக்கமென்றால் எடை குறைந்த டைட்டானியம் பொன்னைவிட நன்றாகச் செய்கிறது. ஆகவே இந்தச் சான்றைப் பொன்னுரை முழுமையாக எடுத்துக்கொள்ள முடியாது.

பல்சக்கரம் எழுதியது:

எனாமல் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். அது நல்ல விளக்கம். ஆனால் டயலுக்குத் தேவைப்படும் பொன் ஒரு மெல்லிய தகடு. அதைக் காரணம் காட்டிக் கேஸையும் பட்டையையும் பொன்னால் நிரப்புவதை எப்படி நியாயப்படுத்துவது?

கேஸில் இருக்கும் பொன் கடிகாரத்துக்குச் செய்த தீங்கைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. பொன் விலை ஏறிய காலங்களில், குறிப்பாக 1980-ஐ ஒட்டி அது உச்சத்துக்குப் போனபோது, பழைய பாக்கெட் கடிகாரங்களின் பொன் கேஸ்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. உள்ளேயிருந்த மூவ்மென்ட்கள் கழற்றி எறியப்பட்டன. இன்றும் பழம்பொருள் விற்பனையில் கேஸ் இல்லாத அனாதை மூவ்மென்ட்கள் குவிந்து கிடப்பதைக் காணலாம். அவற்றில் பல மிக நேர்த்தியானவை. எஃகுக் கேஸில் இருந்திருந்தால் அவற்றை யாரும் பிரித்திருக்க மாட்டார்கள்.

பொன்னுரை எழுதியது:

உருக்கியவர்களைக் கண்டிப்பதில் உங்களோடு நிற்கிறேன், உலோகத்தைக் கண்டிப்பதில் அல்ல. பொன் என்ற ஒரே காரணத்துக்காகப் பேரனிடம் கொடுத்து வைக்கப்பட்ட கடிகாரங்களையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். மலிவான கேஸில் இருந்த நல்ல மூவ்மென்ட்கள் பழுதானவுடன் குப்பைக்குப் போனதற்குச் சாட்சி சொல்ல ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எஃகு எளிய உலோகம், அடக்கத்தின் அடையாளம் என்ற தொனி உங்கள் பதிவுகளில் ஓடுகிறது. 1972-ல் ஜெரால்ட் ஜென்டா வடிவமைத்த ஓடமார் பிகே நிறுவனத்தின் ராயல் ஓக் கடிகாரம் எஃகில் 3,300 பிராங்குக்கு வந்தபோது, அது அன்றைய பொன் கடிகாரங்கள் பலவற்றைவிட விலை உயர்ந்திருந்தது. அதன் முன்மாதிரிகளை வெள்ளைப் பொன்னில் செய்தார்கள், அந்த எஃகைக் கடைவது அவ்வளவு கடினம் என்பதால். எஃகும் தகுதி காட்டும் உலோகமாக எப்போதோ மாறிவிட்டது.

வெறுங்கை எழுதியது:

தகுதி காட்டுவதுதான் நோக்கம் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டீர்கள்.

பொன்னுரை எழுதியது:

எல்லோருக்கும் அது நோக்கமில்லை. பிளாட்டினத்தைப் பாருங்கள். சற்றுத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது எஃகாகவே தெரியும். பட்டேக் பிலிப் தன் பிளாட்டினக் கடிகாரங்களில் 6 மணிப் பக்கம், பட்டை பொருந்தும் காதுகளுக்கிடையே ஒரு சிறு வைரத்தைப் பதிக்கிறது. அணிந்திருக்கும்போது பிறர் கண்ணில் அது அநேகமாகப் படாது. ஊருக்குக் காட்ட நினைப்பவர் அத்தனை விலை கொடுத்து எஃகுபோல் தெரியும் ஒன்றை ஏன் வாங்குகிறார்? எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம். 18 காரட் பொன்னுக்கு 15 அல்லது சற்று மேல். கடிகாரங்களுக்குப் பயன்படும் 950 பிளாட்டினத்துக்கு 20. கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எடை அணிந்தவருக்கு மட்டும் தெரிகிறது. அது ஓர் இன்பம். அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பல்சக்கரம் எழுதியது:

எடைக்காக வாங்குகிறேன் என்பது நேர்மையான பதில், அதோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த எடை கைக்குக் கிடைக்கும் இன்பம், கடிகாரத்துக்குக் கிடைத்த சிறப்பு ஆகாது என்ற என் நிலை மாறவில்லை. அந்த மறைவான வைரத்தை வைத்து இன்னொரு நாள் வாதாடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம் என்றால் அதைப் பதித்திருக்கவே வேண்டாமே.

திருகாணி எழுதியது:

எடைக்காகத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பிளாட்டினக் கேஸைத் தோல் பட்டையில் அணிந்தால் கனம் முழுவதும் மணிக்கட்டின் மேல்புறம் தங்கி, கடிகாரம் பக்கவாட்டில் உருண்டுகொண்டே இருக்கும். கொக்கியும் அதே உலோகத்தில், மடிப்புக் கொக்கியாக இருந்தால் ஓரளவு சமநிலை கிடைக்கும். பொன் பட்டையென்றால் கண்ணிகளுக்கிடையே உள்ள ஊசிகள் தேய்ந்து பட்டை நீளத் தொடங்கியிருக்கிறதா என்று வாங்கும்போதே கிடைமட்டமாகப் பிடித்துப் பாருங்கள். பழைய பொன் பட்டைகள் பல, பிடித்த கையிலிருந்து வில்லாக வளைந்து தொங்கும்.